பழைய எஸ்யூவி-யில் இருவழி ரேடியோ: லைசென்ஸ் முதல் ஆன்டெனா வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தியாவில் மொத்தம் 6,44,131 கிராமங்கள். 2024 செப்டம்பர் நிலவரப்படி அவற்றில் 6,22,840 கிராமங்களில் மொபைல் சிக்னல் இருக்கிறது, 6,14,564 கிராமங்களில் 4ஜி-யும் இருக்கிறது என்கிறது மத்திய அரசின் கணக்கு. கழித்துப் பார்த்தால் சிக்னலே இல்லாதவை 21,291 கிராமங்கள்தான். அதாவது 3.3 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு எண்ணுவது கிராமங்களை, சாலைகளை அல்ல. மணாலியிலிருந்து லே போகும் வழியில் கிராமமே இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. எண்ணுவதற்கு அங்கே கிராமம் இல்லை என்பதால், அங்கே டவர் இல்லாததும் இந்தப் புள்ளிவிவரத்தில் தெரியாது. போதாததற்கு, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. முன்னால் போகும் வண்டி ஒரு வளைவைத் தாண்டி நின்றுவிட்டால், பின்னால் வருபவருக்கு அதைச் சொல்ல வழியே இல்லை.

இதனால்தான் கூட்டாக மலைப்பாதைக்குப் போகிறவர்கள் இருவழி ரேடியோ பக்கம் திரும்புகிறார்கள். அப்பா 2009-ல் வாங்கிய பொலேரோ, அண்ணன் கைமாற்றிவிட்ட பழைய சஃபாரி, செகண்ட்ஹேண்டில் பிடித்த ஜிப்ஸி என ஏதோ ஒன்று உங்கள் வீட்டு வாசலிலும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மொபைல் ரேடியோவைப் பொருத்த என்னென்ன செய்ய வேண்டும்? வயர் முறுக்குவதற்கு முன்னால் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

வாங்கி மாட்டினால் போதாதா?

போதாது. இந்தியாவில் ஒலிபரப்பும் திறனுள்ள ரேடியோவை உரிமமோ விலக்கோ இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். பேசினால்தான் தப்பு என்பதில்லை, பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் தப்புதான். 1933-ம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் தொடங்கி வைத்த விதி இது. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் இதையே தொடர்கிறது.

"ஆன்லைன்ல எல்லாரும் வாங்குறாங்களே?" என்று கேட்கலாம். ஆமாம், வாங்கினார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் 13 ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதற்குக் காரணமே அதுதான். எந்த அலைவரிசையில் இயங்கும், உரிமம் தேவையா, கருவிக்கான வகை ஒப்புதல் இருக்கிறதா என்று எதையும் சொல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்றதாகப் புகார். அதே மாதத்தின் இறுதியில் இதற்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன. ஒரு பொருள் கார்ட்டில் சேர்கிறது என்பதற்காக அது சட்டப்படியானது என்று ஆகிவிடாது.

சரி, சட்டப்படியான வழிகள் என்ன?

உரிமமே வேண்டாத வழி ஒன்று உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்ன அலைவரிசைத் துண்டில் இயங்கும் குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு, 2018 அக்டோபர் விதிகள் உரிமத்திலிருந்து விலக்கு தருகின்றன. வகை ஒப்புதல் பெற்ற கருவியாக இருந்தால் போதும். இரண்டு மூன்று வண்டிகள் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் போகின்றன, பேசிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால், இந்தக் கட்டுரையின் மீதியை நீங்கள் படிக்கவே தேவையில்லை. இதில் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையாகச் சொன்னால், பாதிப் பேருக்கு இதுவே போதும்.

27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 'சிட்டிசன் பேண்ட்' என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க லாரி டிரைவர்களைக் காட்டும் பழைய ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். இந்தியாவிலும் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் அந்த விலக்கு, ஆன்டெனா கருவியோடு சேர்ந்தே இருக்கும் செட்டுகளுக்குத்தான். வண்டிக் கூரையில் நீளமான கம்பி நட்டு வைப்பது அந்த விலக்குக்குள் வராது.

டாக்ஸி நிறுவனம், சுரங்கம், தனியார் செக்யூரிட்டி போன்றவர்கள் தொழிலுக்காகத் தங்களுக்கென அலைவரிசை ஒதுக்கிக்கொள்ளும் தனி உரிமம் இருக்கிறது. தனிநபருக்கு அது சரிப்படாது.

மிச்சம் இருப்பது ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் உரிமம். கூரையில் ஆன்டெனா, 50 வாட் செட், மலை உச்சி ரிப்பீட்டர் எல்லாம் வேண்டுமென்றால் தனிநபருக்கு இதுதான் பாதை. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இருக்கும் டபிள்யூபிசி பிரிவு இதை வழங்குகிறது. விண்ணப்பம் 'சரள் சஞ்சார்' இணையதளம் வழியாக. முதல் நிலையான ரெஸ்ட்ரிக்டெட் கிரேடுக்கு 12 வயது நிறைந்திருந்தால் போதும். ரேடியோ அடிப்படைகள், விதிமுறைகள் என்று இரண்டு பகுதியாகத் தேர்வு. மோர்ஸ் கோடு தேவையில்லை, அது அடுத்த நிலையான ஜெனரல் கிரேடுக்குத்தான். 2010-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி கட்டணம் 20 ஆண்டுகளுக்கு 1,000 ரூபாய், ஆயுள் முழுக்க என்றால் 2,000 ரூபாய். ஒரு வருட ஓடிடி சந்தாவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வில் தேறி, காவல்துறை சரிபார்ப்பெல்லாம் முடிந்து வந்தால் உங்களுக்கென்று ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். ரெஸ்ட்ரிக்டெட் என்றால் விஃயு3, ஜெனரல் என்றால் விஃயு2 என்று தொடங்கும். அதற்கப்புறம்தான் ரேடியோ வாங்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. விண்ணப்பிக்கும்போதே வண்டியிலும் இயக்கப்போகிறேன் என்பதைக் குறிப்பிட்டு, உங்கள் உரிமத்தில் அதற்கு இடம் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை நண்பர்கள் குழுவில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஹாம் உரிமம் ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. நீங்கள் பாஸ் செய்துவிட்டீர்கள் என்பதற்காக மற்ற மூன்று வண்டிக்காரர்களும் பேசிவிட முடியாது. ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும். தொழில் பேச்சு பேசக்கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது, பேசும்போது அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். எல்லைப் பகுதிச் சோதனைச் சாவடியில் உங்கள் கூரை ஆன்டெனாவை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். உரிமத்தின் நகல் டேஷ்போர்டில் இருக்கட்டும், அசலும் கையில் இருக்கட்டும்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு கெடுபிடியா?

இது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, டெல்லியைச் சேர்ந்த ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத் தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். போனது உலகெங்கும் இருக்கும் ஹாம்களோடு தொடர்புகொள்ளும் ஒரு பயணத்துக்காக. தகவல் தொடர்பு அறுந்த தீவுகளிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுவர அதே செட்டுகள்தான் பயன்பட்டன. 2001 பூஜ் நிலநடுக்கம், 2015 சென்னை வெள்ளம் என்று இந்தப் பட்டியல் நீளும். மேற்கு வங்கத்தில் கங்காசாகர் மேளாவில் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களைக் குடும்பத்தோடு சேர்ப்பதை அங்குள்ள ஹாம் ஆபரேட்டர்கள் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். டவருக்குக் கரண்ட் போனாலும், கேபிள் அறுந்தாலும், ஒரு கார் பேட்டரியும் ஒரு கம்பியும் இருந்தால் வேலை நடக்கும். நிற்கும் வண்டியே ஒரு ஜெனரேட்டர் என்பதால், ரேடியோ பொருத்திய எஸ்யூவிக்குப் பேரிடர் நேரத்தில் தனி மதிப்பு.

பழைய வண்டி என்றால் கஷ்டமா, சுலபமா?

பெரும்பாலும் சுலபம். புது வண்டியில் பேட்டரி டெர்மினலிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும், எந்த வயரைத் தொட்டாலும் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளும், வாரண்டி பேச்சு வேறு வரும். 2009 மாடலில் அந்தத் தொல்லை குறைவு. டேஷ்போர்டுக்குக் கீழே இடம் இருக்கிறது, பானெட்டைத் திறந்தால் பேட்டரி கண்ணெதிரே நிற்கிறது.

கஷ்டம் வேறு இடத்தில். பதினைந்து வருட வண்டியில் எர்த் இணைப்புகள் துருப்பிடித்திருக்கும். முந்தைய ஓனர் சேர்த்த ஹாரன், ஃபாக் லேம்ப், ஆம்ப்ளிஃபயர் வயரெல்லாம் நூடுல்ஸ் மாதிரி கிடக்கும். டைனமோ என்று மெக்கானிக் சொல்லும் ஆல்டர்னேட்டர் களைத்துப் போயிருக்கும். அதனால் முதல் வேலைக்கு ரேடியோ தேவையில்லை, ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஆஃப்-ல் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கினால் ரேடியோ செலவைத் தள்ளிவைத்துவிட்டு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போங்கள்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஆகாதா?

கையடக்க செட்டை சார்ஜ் செய்ய ஆகும். 50 வாட் செட்டுக்கு ஆகாது. ஏன் என்று ஒரு கணக்குப் போடுவோம், கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

50 வாட் வெளியே அனுப்பும் ஒரு விஹெச்எஃப் மொபைல் செட், பேசும் பட்டனை அழுத்தும்போது பேட்டரியிலிருந்து சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 150 வாட். மூன்றில் ஒரு பங்குதான் ஆன்டெனாவுக்குப் போகிறது, மற்றதெல்லாம் சூடு. (செட்டின் பின்னால் அந்த வரிவரியான அலுமினியக் கட்டை எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.) இந்த செட்டுகள் பொதுவாக 13.8 வோல்ட்டுக்கு 15 சதவீதம் மேலோ கீழோ என்ற எல்லைக்குள் இயங்க வடிவமைக்கப்பட்டவை. கீழ் எல்லை 11.7 வோல்ட்.

பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு 3 மீட்டர் வயர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 6 மீட்டர். 1 சதுர மி.மீ. தாமிர வயர் என்றால் அதில் மட்டும் 11 ஆம்பியருக்கு 1.1 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 2.5 சதுர மி.மீ. என்றால் 0.45 வோல்ட். 6 சதுர மி.மீ. என்றால் 0.2-க்கும் கீழே.

இப்போது நீங்கள் பனியில் இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பேட்டரி 12.2 வோல்ட்டில் இருக்கிறது. மெல்லிய வயர் வழியாக செட்டுக்குப் போய்ச் சேர்வது 11.1. பட்டனை அழுத்தினதும் டிஸ்ப்ளே மங்கும், செட் ஆஃப் ஆகி ஆன் ஆகும், எதிர்முனையில் உங்கள் குரல் பாதியில் அறுந்து அறுந்து கேட்கும். அதே பேட்டரி, தடித்த வயர் என்றால் 12 வோல்ட் வந்துவிடும், பேச்சு தெளிவாகப் போகும். அவசரத்தில் உங்கள் செட் வேலை செய்யுமா என்பதை ரேடியோவின் விலை தீர்மானிப்பதைவிட, வயரின் தடிமன் அதிகம் தீர்மானிக்கிறது.

சாக்கெட்டுக்குப் போகும் வயர் ஏற்கெனவே மெல்லியது. பழைய வண்டியில் சாக்கெட்டின் உள்ளே கரி பிடித்திருக்கும். குலுங்கும் சாலையில் பிளக் வேறு நழுவும். ஆகவே பேட்டரியிலிருந்து நேரடி வயர். டேஷ்போர்டு வரைக்கும் 4 அல்லது 6 சதுர மி.மீ., செட்டைப் பின்னால் டிக்கியில் வைப்பதென்றால் 6-க்குக் குறையாமல். தாமிரம் பூசிய அலுமினிய வயரும் கடையில் அதே நிறத்தில், அதே தடிமனில் கிடைக்கும், ஆனால் மின்தடை அதிகம். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

வயரை எப்படி இழுப்பது?

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். செட்டோடு வரும் வயரில் ஏற்கெனவே ஃபியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது செட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் செட்டைத்தான் காப்பாற்றும். நடுவில் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டால், பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த வயர் வழியாகப் பாயும். ஃபியூஸ் பேட்டரி முனையில் இல்லையென்றால் நிறுத்த ஆளில்லை. வண்டித் தீவிபத்துகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. 11 ஆம்பியர் இழுக்கும் செட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். செட்டின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே போடுங்கள்.

இன்ஜின் அறையிலிருந்து கேபினுக்குள் வர, நடுவே இருக்கும் இரும்புத் தகட்டைக் கடக்க வேண்டும். பழைய எஸ்யூவிகளில் பானெட் கேபிளோ வயரிங் கட்டோ உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். அதன் ஓரத்திலேயே சின்னதாகத் துளை போட்டு நுழைத்துவிடலாம். புதிதாகத் தகட்டில் டிரில் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ரப்பர் புஷ் இல்லாமல் வயரை விடவே விடாதீர்கள். சைலன்சர், ஃபேன், ஸ்டியரிங் ராடு மூன்றிடமிருந்தும் வயர் விலகி இருக்கட்டும். மேலே கொரகொரப்பான பிளாஸ்டிக் குழாய் போட்டு, ஒவ்வொரு சாணுக்கும் டேக் கட்டுங்கள். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பினால், மே மாத வெயிலில் பசை உருகி இரண்டே வாரத்தில் அவிழ்ந்துவிடும்.

நெகட்டிவ் வயர் விஷயத்தில் பழைய வண்டிக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. அது கொஞ்சம் புதிரானது. இன்ஜினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் பட்டை எர்த் வயர்கள் துருப்பிடித்து அறுந்துவிட்டால், செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். உங்கள் ரேடியோவின் நெகட்டிவ் வயர் நேராக பேட்டரிக்குப் போகிறது, ஆன்டெனா கேபிளின் உறை கூரையைத் தொடுகிறது. அவ்வளவுதான், செட் வழியாகவே ஒரு பாலம் கிடைத்துவிட்டது. சாவியைத் திருப்பிய நொடியில் கேபிள் புகையும். இதைத் தவிர்க்க நெகட்டிவ் வயரை பேட்டரி டெர்மினலில் மாட்டாமல், பேட்டரியின் எர்த் வயர் பாடியில் போல்ட் போடப்பட்டிருக்கும் இடத்திலேயே மாட்டலாம். டெர்மினலில்தான் மாட்டுவேன் என்றால் நெகட்டிவிலும் ஒரு ஃபியூஸ் போடுங்கள். எப்படியிருந்தாலும் அந்தப் பட்டை வயர்களை முதலில் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டிவிடுங்கள். ரேடியோ மாட்டாவிட்டாலும் வண்டிக்கு நல்லது.

செட்டை எங்கே வைப்பது?

பெரும்பாலான செட்டுகளில் முகப்புப் பலகையைத் தனியாகக் கழற்றி, நீள கேபிளில் இணைக்கும் வசதி இருக்கிறது. முகப்பு டேஷ்போர்டில், உடம்பு முன் சீட்டுக்கு அடியில். காற்றோட்டம் இருக்க வேண்டும், தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்தும் இருக்க வேண்டும். பழைய எஸ்யூவியில் ஏசி தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் கசிவது புதிதில்லை, ஓடையைக் கடக்கும்போது கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் வருவதும் புதிதில்லை. ஏர்பேக் இருக்கும் வண்டியென்றால் அது விரியும் பாதையில் எதுவும் கூடாது. பிரேக் பெடலுக்கு மேலே தொங்கும் மைக் வயரும் கூடாது.

மைக் யார் கையில்? பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. செல்போன் மட்டும் என்று அதில் சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரு கையில் மைக், ஒரு கையில் ஸ்டியரிங் என்பது சட்டம் சொல்லாவிட்டாலும் செய்யக்கூடாத வேலை.

ஆன்டெனாவுக்கு எது நல்ல இடம்?

கூரையின் நடு மையம். 145 மெகாஹெர்ட்ஸுக்கான கால்-அலை ஆன்டெனா என்பது சுமார் 49 செ.மீ. கம்பி. பார்க்க ஒற்றைக் கம்பிதான், ஆனால் அதன் மறுபாதி கூரைத் தகடு. நான்கு பக்கமும் சமமாகத் தகடு இருந்தால் நான்கு பக்கமும் சமமாகப் பேசும். பம்பரில் மாட்டினால் வண்டியின் உடம்பே ஒரு பக்கத்தை மறைக்கும்.

கூரையில் துளை போட மனம் வராதவர்களுக்குக் காந்த அடி ஆன்டெனா இருக்கிறது. இரும்புக் கூரையில் கச்சிதமாக ஒட்டும். கேன்வாஸ் கூரை ஜிப்ஸி, சாஃப்ட்-டாப் தார், ஃபைபர் கூரை மாட்டிய வண்டி என்றால் காந்தமும் ஒட்டாது, மறுபாதித் தகடும் கிடையாது. அவர்களுக்கு பானெட் விளிம்பில் திருகும் கிளாம்ப்பும், தகடு தேவைப்படாத அரை-அலை ஆன்டெனாவும் சரி. ரூஃப் கேரியர் கம்பியில் மாட்டுகிறவர்களுக்கும் இதே அரை-அலை யோசனைதான். பெயின்ட் பூசிய கேரியரும் அதன் ரப்பர் அடியும் கூரையோடு மின்தொடர்பு கொடுப்பதில்லை. காந்தத்தை வாரம் ஒருமுறை தூக்கித் துடையுங்கள், அடியில் சேரும் புழுதி பெயின்ட்டைத் தின்றுவிடும். டெல்லி பக்கம் இருப்பவர்களுக்கு நான் காந்த அடியைத்தான் சொல்வேன். பழைய டீசல் வண்டிகளுக்கான விதி அங்கே அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கிறது. வண்டியை விற்க நேர்ந்தால் ஆன்டெனாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.

கேபிளும் சும்மா இல்லை. காந்த அடியோடு வரும் மெல்லிய ஆர்ஜி-58 வகை, 5 மீட்டர் நீளத்தில், 145 மெகாஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியைத் தின்றுவிடும். 50 வாட்டில் கூரைக்குப் போய்ச் சேர்வது 40. 435 மெகாஹெர்ட்ஸ் என்றால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கதவு இடுக்கில் நசுங்கினால் இன்னும் மோசம். மிச்ச நீளத்தை சீட்டுக்கடியில் சுருட்டி வைப்பதைவிட அளவாக வெட்டி கனெக்டர் போடுவது நல்லது.

மாட்டியதும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் கடன் வாங்கியாவது ஒருமுறை அளந்து பாருங்கள். ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது சொல்லும். 1.5 காட்டினால் 4 சதவீதம் திரும்புகிறது, கவலையில்லை. 2 என்றால் 11 சதவீதம், சமாளிக்கலாம். 3 என்றால் 25 சதவீதம். அந்த நிலையில் தொடர்ந்து பேசினால் செட்டின் வெளியீட்டுப் பகுதி சூடாகிச் செத்துப்போகும். அளக்கும்போது கதவுகள் மூடியிருக்கட்டும், யாரும் கம்பியைத் தொடக்கூடாது.

எவ்வளவு தூரம் பேசலாம்?

கடைக்காரர் சொல்லும் கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகின்றன. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். எஸ்யூவி கூரை 2 மீட்டர் உயரம் என்றால் 5.8 கி.மீ. இரண்டு வண்டிக்கும் சேர்த்து சுமார் 11.5 கி.மீ. அதுவும் சமவெளியில். நடுவே ஒரு மலை மடிப்பு வந்தால் 2 கிலோமீட்டர்கூட கிடைக்காமல் போகலாம்.

5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போவதால் மலை கரையாது. ஓரமாக இரைச்சலோடு கேட்டது தெளிவாகக் கேட்கும், மரங்களுக்கு நடுவே கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தூரத்தைக் கூட்டுவது உயரம். சுற்றுப்புறத்தைவிட 1,000 மீட்டர் உயர்ந்த மலை உச்சியில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால், அதன் அடிவானம் 130 கி.மீ. ரிப்பீட்டர் என்பது ஓர் அலைவரிசையில் கேட்டதை இன்னோர் அலைவரிசையில் உடனே திருப்பிச் சொல்லும் நிலையம். மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் இரண்டு வண்டிகள் அது வழியாகப் பேசிக்கொள்ளலாம். போகிற வழியில் இருக்கும் ரிப்பீட்டர்களின் அலைவரிசைகளை உள்ளூர் ஹாம் குழுக்களிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே செட்டில் ஏற்றிவிடுங்கள்.

ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரான செட்டுகள் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்பும். இந்திய அமெச்சூர்களுக்கு 144 முதல் 146 வரைதான். மேல் பேண்டில் 434 முதல் 438 வரை. செட்டால் முடிகிறது என்பதற்காக எல்லை தாண்டினால், அங்கே யாரோ உரிமத்தோடு பேசிக்கொண்டிருப்பார்கள், அது போலீஸாகவும் இருக்கலாம். சக்தியைப் பொறுத்தவரை ரெஸ்ட்ரிக்டெட் கிரேடுக்கு 50 வாட் உச்சவரம்பு. வண்டி செட்டுகளும் பெரும்பாலும் அதே 50 வாட்டில் வருவது வசதி.

'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் வருகிறதே?

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தத்தின் சுருதி ஏறினால் அது ஆல்டர்னேட்டர். அது தயாரிக்கும் ஏசி கரண்ட்டை டிசி-யாக மாற்றும் டயோடுகள் பழசாகும்போது முழுக்கச் சமன் ஆகாமல் ஓர் அலைவு மிஞ்சும். பேட்டரியிலிருந்து நேரடி வயர் இழுத்திருந்தால் பாதி பிரச்சினை வராது, ஏனென்றால் பேட்டரியே அந்த அலைவைக் கொஞ்சம் விழுங்கிவிடும். அப்படியும் வந்தால் எர்த் இணைப்புகளைப் பாருங்கள், செட்டின் பவர் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள். கடைசியாக ஆல்டர்னேட்டரையே சோதிக்கலாம்.

பெட்ரோல் ஜிப்ஸிக்காரர்களுக்கு ஸ்பார்க் பிளக் தரும் 'டிக் டிக்' வேறு இருக்கும். விஹெச்எஃப்-ல் பயன்படும் எஃப்எம் முறையில் இது பெரிதாகத் தொல்லை தராது. டீசலுக்கு ஸ்பார்க்கே கிடையாது என்பதால் பழைய பொலேரோக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் காலர் தூக்கிக்கொள்ளலாம். எதுவுமே சரியாகவில்லை என்றால் மலிவான யூஎஸ்பி சார்ஜரையும் டேஷ்கேமையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். இப்போதெல்லாம் குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறான்.

பேட்டரி தீர்ந்துபோகாதா என்ற பயம் வேண்டாம். வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போது செட் இழுப்பது அரை ஆம்பியர் அளவு. பத்து மணி நேரத்துக்கு 5 ஆம்பியர்-மணி. பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் 2-க்கும் குறைவு. எஸ்யூவி பேட்டரி 60, 70 ஆம்பியர்-மணி இருக்கும். நல்ல பேட்டரி தாங்கும். நான்கு வருடமான பேட்டரியை இந்தக் கணக்கில் நம்பாதீர்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் நேராக ஸ்பிட்டிக்குக் கிளம்பிவிடாமல், பக்கத்தில் ஏதாவது ஒரு மலைப்பாதைக்கு இரண்டு வண்டியாகப் போய் வாருங்கள். ஒன்று அடிவாரத்தில் நிற்கட்டும், மற்றது ஒவ்வொரு வளைவிலும் கூப்பிட்டுப் பார்க்கட்டும். எந்த வளைவில் குரல் அறுகிறது, எங்கே திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறைந்த சக்தியில் ஒரு முறை, முழுச் சக்தியில் ஒரு முறை. இன்ஜினை நிறுத்திவிட்டும் ஒரு முறை. வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பிடிப்பானையும் பேட்டரி லக்கையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கிரிம்ப் சரியில்லை. வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.